இன்று எந்தப் பிட்சரை இறக்குவது? தேர்வு தவறும்போது பிழை தேடும் வழிமுறை

நிஜ வீரர்களைத் தேர்ந்து ஒரு கற்பனை அணி அமைத்து, அவர்களுடைய ஆட்டக் கணக்கை வைத்து மோதும் ஃபேன்டஸி பேஸ்பாலில் ஒரு பேட்டர் ஒரு நாள் சோபிக்காவிட்டால் பெரிய நட்டமில்லை. அமெரிக்காவின் உச்சப் போட்டியான மேஜர் லீக்கில் ஓர் அணிக்கு ஆண்டுக்கு 162 ஆட்டங்கள். நாளைக்கே அவர் மறுபடி மட்டையோடு வந்து நிற்பார். ஆட்டத்தின் முதல் பந்திலிருந்து வீசும் தொடக்கப் பிட்சர் அப்படியல்ல. ஐந்து அல்லது ஆறு நாளுக்கு ஒருமுறைதான் அவருடைய முறை வரும். அந்த ஒரு மாலை கெட்டால் உங்கள் வாரத்து ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுத்த ரன்), விப் (ஓர் இன்னிங்ஸுக்கு ஹிட்டாலும், தவறான நான்கு பந்துகளால் கிடைக்கும் வாக்காலும் பேஸில் ஏறியவர்கள்) இரண்டும் சேர்ந்து கெடும். இறக்கலாமா, பெஞ்சில் உட்காரவைக்கலாமா என்ற கேள்வி தினமும் தலையைத் தின்பது இதனால்தான்.

ஓரளவு ஆடிப் பழகியும் தேர்வுகள் ஏனோ தவறிக்கொண்டே போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேரே போகலாம். ஆனால் முதலில் ஒன்றைத் தீர்த்துக்கொள்ளுங்கள்: உண்மையிலேயே பிழை இருக்கிறதா? 2024-இல் டாரிக் ஸ்கூபல் 18 வெற்றி, 4 தோல்வி, 2.39 ஈ.ஆர்.ஏ. என்று முடித்து, மேஜர் லீக்கின் இரு பாதிகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் சிறந்த பிட்சருக்குரிய சை யங் விருதை ஒருமனதாக வென்றார். அவருக்கும் அடி விழுந்த நாள்கள் உண்டு. அந்த நாளில் அவரை இறக்கியவர் தவறு செய்தார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒருமுறை நடந்ததை விட்டுவிடுங்கள். ஒரே மாதிரி மூன்று, நான்கு முறை நடந்தால் மட்டும் கீழே தேடுங்கள்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வரும் எல்லாம் இதை நம்பித்தான் நிற்கிறது. எதிரணியையும் மைதானத்தையும் ஆராய்வது நடுத்தரப் பிட்சர்களுக்கு மட்டுமே பயன்படும். முதல்தரப் பிட்சரை எவருக்கு எதிராகவும் இறக்கலாம். கடைத்தரப் பிட்சரை எவருக்கு எதிராகவும் இறக்கக் கூடாது. பிழைகளில் பெரும்பகுதி, எதிரணி பலவீனமானது என்ற ஒரே காரணத்துக்காகக் கடைத்தரத்தை நடுத்தரமாகப் பாவிப்பதிலிருந்து வருகிறது.

அறிகுறி: ஈ.ஆர்.ஏ. அழகாக இருக்கிறது, நான் எடுத்த மறுநாளே அடி விழுகிறது

மிகப் பரவலான நோய் இதுதான். யாரும் எடுக்காத வீரர்களின் பட்டியலை ஈ.ஆர்.ஏ. வரிசையில் அடுக்கி, மேலே இருப்பவரை எடுப்பவர்களுக்கு இது கட்டாயம் வரும்.

ஃபீல்டர்களின் பிழையால் வந்த ரன்களை விட்டுவிட்டு, ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒரு பிட்சர் எத்தனை ரன் கொடுத்தார் என்பதே ஈ.ஆர்.ஏ. அதில் பிட்சரின் கை மட்டும் இல்லை. பின்னால் நிற்கும் ஃபீல்டர்களின் கால் வேகம் இருக்கிறது. எது பிழை, எது ஹிட் என்று ஆட்டக் கணக்கர் எடுக்கும் முடிவு இருக்கிறது. அடிகள் எந்த வரிசையில் விழுந்தன என்பது இருக்கிறது. மூன்று இன்னிங்ஸில் ஒவ்வொன்றாக விழும் மூன்று சிங்கிள்கள் ரன் இல்லாமல் போகலாம். அதே மூன்றும் ஒரே இன்னிங்ஸில் அடுத்தடுத்து விழுந்தால் ரன் வந்துவிடும். வீசியவர் அதே ஆள்தான்.

மைதானத்துக்குள் அடிக்கப்பட்ட பந்து ஹிட் ஆகிறதா அவுட் ஆகிறதா என்பதில் பிட்சரின் கட்டுப்பாடு நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு என்று புள்ளிவிவர ஆய்வாளர் வோரோஸ் மெக்கிராக்கன் 2001-இல் எழுதியபோது பலர் நம்பவில்லை. பின்னர் அதில் திருத்தங்கள் வந்தன, அடிப்படை நிலைத்துவிட்டது. அந்த வழியில் வந்த கணக்குதான் எஃப்.ஐ.பி. ஹோம்ரன்களை (வேலியைத் தாண்டும் அடிகள்) 13-ஆல் பெருக்குங்கள். வாக், உடலில் பட்ட பந்து இரண்டையும் கூட்டி 3-ஆல் பெருக்கிச் சேருங்கள். ஸ்டிரைக்-அவுட்டை (மூன்று ஸ்டிரைக்கில் பேட்டர் வெளியேறுவது) 2-ஆல் பெருக்கிக் கழியுங்கள். வீசிய இன்னிங்ஸால் வகுத்து, ஏறத்தாழ 3.1 என்ற மாறிலியைக் கூட்டினால் ஈ.ஆர்.ஏ. அளவில் ஓர் எண் கிடைக்கும். ஃபீல்டர் இதற்குள் எங்கும் வருவதில்லை.

ஈ.ஆர்.ஏ. 2.80, எஃப்.ஐ.பி. 4.50 என்று இருக்கும் ஆளைப் பார்த்தால் இரண்டு எண்களைத் தேடுங்கள். ஒன்று பேபிப், அதாவது உள்ளே விழுந்த பந்துகளில் எவ்வளவு ஹிட் ஆயின என்பது. லீக் சராசரி .290-க்கும் .300-க்கும் நடுவில் நிற்கும். இவருடையது .230 என்றால் அது நிலைக்காது. மற்றொன்று பேஸில் ஏறியவர்களில் ரன் எடுக்காமல் விடப்பட்டவர்களின் சதவீதம். சராசரி 72, 73 அளவில் இருக்கும். 85-ஐத் தாண்டினால், நிறைய ஸ்டிரைக்-அவுட் எடுப்பவராக இல்லாத பட்சத்தில், கடன் பாக்கி இருக்கிறது என்று பொருள். அந்தக் கடனை அவர் உங்கள் அணியில் வந்து கட்டக்கூடும்.

இத்தனை எண்களுக்கும் நேரமில்லை என்றால் ஒன்றே ஒன்றைப் பாருங்கள்: ஸ்டிரைக்-அவுட் சதவீதத்திலிருந்து வாக் சதவீதத்தைக் கழித்தால் என்ன மிஞ்சுகிறது? இரண்டும் சந்தித்த பேட்டர்களின் எண்ணிக்கையில் கணக்கிட்டதாக இருக்கட்டும். ஒன்பது இன்னிங்ஸுக்கு இத்தனை என்று சொல்லும் பழைய கணக்கு ஏமாற்றும்: நிறைய ஹிட் கொடுப்பவர் ஓர் இன்னிங்ஸுக்குக் கூடுதல் பேட்டர்களைச் சந்திப்பார், ஸ்டிரைக்-அவுட்டுக்கான வாய்ப்பும் கூடிவிடும். லீக் சராசரி 14-ஐ ஒட்டி இருக்கும். என் கணக்கில் 20-க்கு மேல் இருப்பவர் முதல்தரம், 10-க்குக் கீழே இருப்பவர் ஈ.ஆர்.ஏ. எதுவானாலும் கடைத்தரம். நடுவில் இருப்பவர்களுக்குத்தான் கீழே வரும் பகுதிகள்.

இந்த எண் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதற்கு கார்பின் பர்ன்ஸைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 2019-இல் மில்வாக்கி அணிக்கு 49 இன்னிங்ஸ் வீசினார். ஈ.ஆர்.ஏ. 8.82. அந்த 49 இன்னிங்ஸில் 17 ஹோம்ரன் கொடுத்தார், எஃப்.ஐ.பி.யும் 6-ஐத் தாண்டியது, ஏனென்றால் அந்தக் கணக்கில் ஹோம்ரனுக்குத்தான் எடை அதிகம். அவரைத் தூக்கி எறியாதவர்கள் குறைவு. ஆனால் அதே 49 இன்னிங்ஸில் 70 ஸ்டிரைக்-அவுட் எடுத்திருந்தார். சந்தித்த பத்துப் பேரில் ஏறத்தாழ மூன்று பேர். பேட்டர்களை ஏமாற்றும் கை அங்கே இருந்தது. அடி வாங்கியது முக்கியமாக அவருடைய ஃபோர்-சீம் வேகப்பந்து. அதை ஓரங்கட்டிவிட்டு, கடைசி நேரத்தில் சற்றே பக்கவாட்டில் விலகும் கட்டரை முதன்மைப் பந்தாக்கினார். 2020-இல் ஈ.ஆர்.ஏ. 2.11. 2021-இல் 2.43, கூடவே நேஷனல் லீக் சை யங் விருது. எண் மட்டும் இதை முன்கூட்டிச் சொல்லிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். பந்தை மாற்றாமல் இருந்திருந்தால் அடி தொடர்ந்திருக்கும். எங்கே உற்றுப்பார்க்க வேண்டும் என்பதை அந்த எண் காட்டியது, அவ்வளவுதான்.

மறுபக்கம் பிளேக் ஸ்னெல். 2023-இல் சான் டியேகோவுக்கு 180 இன்னிங்ஸ், 2.25 ஈ.ஆர்.ஏ., 234 ஸ்டிரைக்-அவுட், சை யங் விருது. கூடவே 99 வாக், இரண்டு லீக்குகளிலும் சேர்த்து அந்த ஆண்டின் உச்சம். எஃப்.ஐ.பி. 3.44. அடுத்த ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் தாமதமாகச் சேர்ந்து, முதல் ஆறு ஆட்டங்களில் 9.51 ஈ.ஆர்.ஏ.யோடு நின்றார். பிறகு ஜூலையில் திரும்பி வந்து பேட்டர்களைத் திணறடித்தார். வாக் அதிகம் கொடுக்கும் பிட்சரின் ஆண்டு இப்படித்தான் இருக்கும்: சராசரி நன்றாக இருக்கும், நாள்கள் கோணல்மாணலாக இருக்கும். வாரக் கணக்கில் மோதும் லீக்கில் இத்தகையவரை எப்போது இறக்குவது என்பது தனிக் கேள்வி, கீழே வருகிறது.

அறிகுறி: எதிரணி மோசமானது என்று இறக்கினேன், அந்த அணியே அடித்துத் துவைத்தது

முதல் கேள்வி: மோசமானது என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்? புள்ளிப்பட்டியலை வைத்து என்றால் பிழை அங்கேயே இருக்கிறது. ஓர் அணி தன் பிட்சர்களால் தோற்றுக்கொண்டிருக்கலாம். அதன் பேட்டிங் நன்றாகவே இருக்கலாம். உங்கள் பிட்சர் எதிர்கொள்வது அவர்களுடைய பேட்டிங்கை மட்டும்தான்.

பேட்டிங்கை அளக்க டபிள்யூ.ஆர்.சி. பிளஸ் என்ற எண் வசதியானது. 100 என்பது லீக் சராசரி. மைதானத்தின் தாக்கம் நீக்கப்பட்டிருக்கும். ஃபேன்கிராஃப்ஸ் தளத்தில் இதை வலக்கைப் பிட்சருக்கு எதிராக, இடக்கைப் பிட்சருக்கு எதிராக என்று பிரித்துப் பார்க்கலாம். பிரித்துத்தான் பார்க்க வேண்டும். இடக்கைப் பேட்டர்கள் நிறைந்த அணி வலக்கைப் பிட்சரை நொறுக்கிவிட்டு, மறுநாள் ஓர் இடக்கைப் பிட்சரிடம் பெட்டிப்பாம்பாக அடங்கிவிடும். ஒரு சிக்கல் உண்டு: இடக்கைப் பிட்சர்கள் குறைவு என்பதால், மே மாதத்தில் பார்க்கும் அந்த எண் சொற்ப ஆட்டங்களிலிருந்து வந்ததாக இருக்கும். அப்போது கடந்த ஆண்டையும் சேர்த்துப் பாருங்கள், ஆனால் அதே பேட்டர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்களா என்பதையும் சரிபாருங்கள். ஜூலை இறுதியை ஒட்டி வரும் வீரர் பரிமாற்றக் கெடு முடிந்தபின் தோற்கும் அணிகள் தங்கள் நல்ல பேட்டர்களை விற்றுவிட்டிருக்கும். ஆகஸ்டில் ஆண்டு முழுமைக்கான எண்ணைப் பார்ப்பது, ஊரைவிட்டுப் போய்விட்டவர்களுக்கு எதிராகப் பிட்சரைத் தேர்ந்தெடுப்பதாகும்.

இரண்டாவது கேள்வி: உங்களுக்கு எது வேண்டும்? 2023-இல் மினசோட்டா ட்வின்ஸ் 1,654 முறை ஸ்டிரைக்-அவுட் ஆனது. ஒரே பருவத்தில் எந்த அணியும் அதற்கு முன் அத்தனை முறை ஆனதில்லை. அதே அணிதான் தன் பிரிவை வென்றது, ஹோம்ரன்களையும் தாராளமாக அடித்தது. அப்படிப்பட்ட அணிக்கு எதிராக இறக்கினால் ஸ்டிரைக்-அவுட் கொட்டும், ஈ.ஆர்.ஏ.க்கு உத்தரவாதம் இல்லை. எதிர்முனையில் லூயிஸ் அராயஸ் போன்ற பேட்டர்கள். 2024-இல் பேட்டிங் பட்டத்தை வென்ற அவர் ஆண்டு முழுவதும் 29 முறைதான் ஸ்டிரைக்-அவுட் ஆனார். அவரைப் போன்ற மூன்று நான்கு பேர் ஒரு வரிசையில் இருந்தால், ரன் வராத நாளில்கூட உங்களுக்கு ஸ்டிரைக்-அவுட் தேறாது. அணி எளிதா கடினமா என்று ஒரே சொல்லில் கேட்பதை விடுங்கள். உங்கள் லீக் கணக்கிடும் ஸ்டிரைக்-அவுட், ஈ.ஆர்.ஏ. போன்ற பிரிவுகளில் எதில் எளிது என்று கேளுங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். 2024 சிகாகோ ஒயிட் சாக்ஸ் 121 ஆட்டங்களில் தோற்றது. நவீன பேஸ்பாலில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. அந்த அணி எடுத்த ரன் மொத்தம் 507, ஆட்டத்துக்கு 3.13. லீக் சராசரியோ 4.4-ஐ ஒட்டி இருந்தது. அதாவது இதைவிடப் பலவீனமான எதிரணி உங்களுக்குக் கிடைக்கப்போவதில்லை. அதுவும் சராசரியைவிட ஆட்டத்துக்கு ஒன்றேகால் ரன்தான் குறைவாக எடுத்தது. அந்தக் குறைவிலும் ஒரு பகுதி மற்ற பிட்சர்கள் வீசும் இன்னிங்ஸுக்குப் போய்விடும். ஐந்து இன்னிங்ஸ் வீசும் உங்கள் ஆளுக்கு மிச்சம் முக்கால் ரன். 5.40 ஈ.ஆர்.ஏ.க்குத் தகுதியான பிட்சரை முக்கால் ரன் காப்பாற்றாது. 4.00 ஆளை இறக்கத்தக்கவராக மாற்ற அது போதும்.

அறிகுறி: மைதானத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறேன், ஆனாலும் தவறுகிறது

டென்வரின் கூர்ஸ் ஃபீல்டை எல்லோருக்கும் தெரியும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5,200 அடி. மேல்தளத்தில் ஒரே ஒரு வரிசை இருக்கைகளுக்கு மட்டும் ஊதா நிறம், அதுதான் சரியாக ஒரு மைல் உயரம். காற்று மெலிந்திருப்பதால் பந்து தூரம் போகிறது என்பது பாதிக் கதை. அதே மெலிந்த காற்றில் வளைபந்து வளைய மறுக்கிறது. ஹோம்ரன்களைக் கட்டுப்படுத்த வெளிப்பரப்பைப் பெரிதாகக் கட்டியதால் சாதாரண அடிகளும் இடைவெளியில் விழுந்து ஹிட் ஆகின்றன. பந்துகளை ஈரப்பதத்தில் வைக்கும் அறை 2002-இல் அங்கே வந்தது. 2022 முதல் 30 மைதானங்களிலும் உண்டு. அதனால் கூர்ஸ் சற்றே தணிந்தது, மாறிவிடவில்லை. முதல்தரப் பிட்சரை எங்கும் இறக்கலாம் என்று மேலே சொன்னதற்கு நான் யோசிக்கும் ஒரே விலக்கு இந்த மைதானம்தான். ஹிடியோ நோமோ 1996 செப்டம்பரில் அங்கே ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் முழு ஆட்டத்தை முடித்தார். அப்படி அங்கே நடந்தது அந்த ஒருமுறைதான்.

பலர் தவறவிடுவது கூர்ஸின் நிழலை. கொலராடோ ராக்கீஸ் பேட்டர்களின் ஆண்டுக் கணக்கு சொந்த மைதானத்தால் ஊதியிருக்கும். வெளியூரில் அதே பேட்டர்கள் பெரும்பாலும் தடுமாறுவார்கள். மொத்த எண்ணைப் பார்த்துப் பயந்து, ராக்கீஸ் வெளியூர் வரும்போது பிட்சரை உட்காரவைப்பது கையில் கிடைத்ததை நழுவவிடுவது. நடுத்தரப் பிட்சரை ஒருநாளுக்கு எடுத்து மறுநாள் விடும் ஸ்ட்ரீமிங் ஆட்டக்காரர்கள் அட்டவணையில் முதலில் தேடுவதே இதைத்தான்.

மற்ற மைதானங்களில் பிட்சரோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். யாங்கி ஸ்டேடியத்தின் வலப்புற எல்லை 314 அடிதான். அங்கே இடக்கைப் பேட்டர்களிடம் தூக்கி அடி வாங்கும் வலக்கைப் பிட்சருக்கு ஆபத்து. பந்தைத் தரையோடு உருளவைக்கும் பிட்சருக்கு அவ்வளவு கவலையில்லை. பாஸ்டன் ஃபென்வேயில் இடப்புறம் 310 அடியில் 37 அடி உயரச் சுவர். வேறு இடத்தில் கேட்சாகும் பந்து அங்கே சுவரில் மோதி டபுளாகும், அதாவது இரண்டு பேஸ் தரும் அடியாகும். சியாட்டிலிலோ பிட்சருக்கு எல்லாம் சாதகம். சின்சினாட்டி ஹோம்ரன் மைதானம் என்று பெயர் வாங்கியது. ஆனால் ஸ்னெல் தன் வாழ்நாளின் முதல் முழு ஆட்டத்தை, ஒரு ஹிட்கூட இல்லாமல், 2024 ஆகஸ்ட் 2-ஆம் தேதி வீசி முடித்தது அங்கேதான். நல்ல பிட்சரை மைதானத்துக்காக உட்காரவைக்கும் பழக்கம் உள்ளவர்கள் அந்த நாளை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

மைதான அறிவுக்குக் காலாவதித் தேதியும் உண்டு. பால்டிமோரில் இடப்புறச் சுவரை 2022-இல் பின்னால் தள்ளி உயர்த்தினார்கள். 2025-இல் மறுபடி முன்னால் கொண்டுவந்தார்கள். விசாலமான ஓக்லாந்தில் ஆடிவந்த அத்லெட்டிக்ஸ் 2025-இல் சாக்ரமென்டோவின் சிறு லீக் மைதானத்துக்குப் போனது. சூறாவளியில் கூரை பிய்ந்ததால் டாம்பா பே ரேஸ் அதே ஆண்டு முழுவதும் திறந்தவெளி மைதானத்தில் ஆடியது. மூன்றாண்டுச் சராசரியைப் பார்ப்பதே நல்லது, ஆனால் அந்த மூன்றாண்டும் மைதானம் அதேதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சிகாகோவின் ரிக்லி ஃபீல்டு மட்டும் எந்தச் சராசரிக்கும் கட்டுப்படாது. மிஷிகன் ஏரியிலிருந்து காற்று உள்ளே வீசினால் அது பிட்சர் மைதானம், வெளியே வீசினால் பேட்டர் மைதானம். ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு காற்றின் திசையைப் பாருங்கள். அங்கே வேறு எந்தக் கணக்கையும்விட அது பயன்படும்.

அறிகுறி: நன்றாகத்தான் வீசுகிறார், ஐந்தாவது இன்னிங்ஸிலேயே எடுத்துவிடுகிறார்கள்

இதைப் பிட்சரின் கோளாறு என்று நினைக்காதீர்கள், ஆட்டமே மாறிவிட்டது. ஒரே பிட்சரை மூன்றாவது முறை சந்திக்கும்போது பேட்டர்கள் கூடுதலாக அடிக்கிறார்கள் என்பது அணிகளுக்கு நன்றாகத் தெரியும். 2020 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் ஸ்னெல், அப்போது டாம்பா பே அணிக்காக, 5⅓ இன்னிங்ஸில் 9 ஸ்டிரைக்-அவுட் எடுத்து, 2 ஹிட் மட்டும் கொடுத்து, 73 பந்துகளில் நின்றார். எதிரணியான டாட்ஜர்ஸின் முதல் பேட்டர் மூன்றாவது முறை வரவிருந்தபோது மேலாளர் கெவின் கேஷ் அவரை வெளியே அழைத்தார். டாம்பா பே அந்த ஆட்டத்தையும் தொடரையும் இழந்தது. அந்த முடிவைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. உலகத் தொடரிலேயே அப்படி என்றால், ஜூன் மாதத்துச் செவ்வாய்க்கிழமை உங்கள் நடுத்தரப் பிட்சருக்கு யார் பொறுமை காட்டுவார்கள்?

ஒரு சிறு வகுத்தல் கணக்கு பெரும்பாலும் போதும். அவருடைய கடைசி நான்கைந்து ஆட்டங்களில் எத்தனை பந்து வீச விட்டார்கள், ஓர் இன்னிங்ஸுக்கு எத்தனை பந்து செலவழித்தார் என்று பாருங்கள். 90 பந்து எல்லை, இன்னிங்ஸுக்கு 15 பந்து என்றால் ஆறு இன்னிங்ஸ். அதே 90, இன்னிங்ஸுக்கு 18 என்றால் ஐந்து. உங்கள் லீக்கில் குவாலிட்டி ஸ்டார்ட் ஒரு பிரிவாக இருந்தால், அதற்கு ஆறு இன்னிங்ஸும் மூன்று ரன்னுக்கு மேல் கொடுக்காமையும் வேண்டும். இரண்டாமவருக்கு அது ஏறத்தாழ எட்டாக்கனி. வாக் அதிகம் கொடுப்பவர்களை மறுபடி இங்கேயும் பிடித்துவிடலாம்.

காயத்திலிருந்து திரும்பும் முதல் ஆட்டத்தில் யாரையும் இறக்காதீர்கள். எத்தனை பந்து அனுமதிப்பார்கள் என்று மேலாளர் முந்தின நாளே பேட்டியில் சொல்லியிருப்பார். 60, 65 என்றால் நான்கு இன்னிங்ஸ்தான். செப்டம்பரில் இளம் பிட்சர்களிடமும் எச்சரிக்கை வேண்டும். 2012-இல் வாஷிங்டன் பிளேஆஃப் நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோதே ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்கை 159⅓ இன்னிங்ஸோடு நிறுத்திவிட்டார்கள். அவரை நம்பி ஃபேன்டஸி இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களின் கதி சொல்ல வேண்டியதில்லை.

ஓப்பனர் என்ற தந்திரமும் உண்டு. 2018 மே மாதம் டாம்பா பே, செர்ஜியோ ரோமோ என்ற ரிலீவரை (வழக்கமாக ஆட்டத்தின் நடுவில் மாற்றாக வந்து வீசுபவர்) முதல் இன்னிங்ஸுக்கு மட்டும் இறக்கித் தொடங்கிவைத்தது. அட்டவணையில் தொடக்கப் பிட்சர் என்று போட்டிருக்கும் பெயர் ரிலீவருடையது என்றால், உங்களுக்கு வேண்டியவர் அவருக்குப் பின்னால் வருபவர்.

அறிகுறி: எண்கள் எல்லாம் சரி, வெற்றி மட்டும் கிடைப்பதில்லை

பழுது எதுவும் இல்லை. தொடக்கப் பிட்சர் ஐந்து இன்னிங்ஸ் முடிக்க வேண்டும், வெளியேறும்போது அணி முன்னிலையில் இருக்க வேண்டும், பிறகு வரும் புல்பென், அதாவது மாற்றுப் பிட்சர்கள், அந்த முன்னிலையை இழக்கக் கூடாது. மூன்றில் ஒன்றரைகூட அவர் கையில் இல்லை. ஜேக்கப் டிகிராம் 2018-இல் 1.70 ஈ.ஆர்.ஏ.யோடு 10 வெற்றி, 9 தோல்வி. பால் ஸ்கீன்ஸ் 2025-இல் 1.97-ஓடு 10 வெற்றி, 10 தோல்வி. இருவருக்கும் சை யங் கிடைத்தது. வெற்றிப் பிரிவில் அவர்களை நம்பியவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மற்ற எல்லாவற்றிலும் சமமாக நிற்கும் இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் எந்த அணி அதிக ரன் எடுக்கிறது என்று பாருங்கள். அதற்கு மேல் வெற்றியைத் துரத்த வேண்டாம்.

அறிகுறி: ஒரே ஆட்டம் வாரம் முழுவதையும் கெடுத்துவிடுகிறது

வாரத்துக்கு ஓர் எதிராளியோடு மோதும் லீக்கில் ஆடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை வரை 40 இன்னிங்ஸ், 14 ரன், ஈ.ஆர்.ஏ. 3.15. பேஸில் ஏறியவர்கள் 48, விப் 1.20. ஞாயிற்றுக்கிழமை ஒரு நடுத்தரப் பிட்சரை இறக்குகிறீர்கள். இரண்டு இன்னிங்ஸில் 7 ரன், ஏறியவர்கள் 9 பேர். இப்போது 42 இன்னிங்ஸில் 21 ரன்: ஈ.ஆர்.ஏ. 4.50, விப் 1.36. இரண்டு பிரிவுகள் போய்விட்டன. அவர் நன்றாக வீசி ஆறு இன்னிங்ஸில் 2 ரன் கொடுத்திருந்தால்? 46 இன்னிங்ஸில் 16 ரன், 3.13. லாபம் 0.02.

ஆகவே ஞாயிறு காலையில் பிட்சரைப் பார்ப்பதற்கு முன் கணக்குப் பலகையைப் பாருங்கள். ஈ.ஆர்.ஏ., விப் இரண்டிலும் முன்னிலை, ஸ்டிரைக்-அவுட்டில் எட்ட முடியாத இடைவெளி என்றால் எவ்வளவு இனிய எதிரணியாக இருந்தாலும் பெஞ்ச்தான் சரி, குறைந்தபட்ச இன்னிங்ஸ் விதியை நிறைவு செய்துவிட்டீர்கள் என்றால். இரண்டிலும் ஏற்கெனவே மீள முடியாதபடி பின்தங்கியிருந்தால் கதவு அகலத் திறந்துவிட்டது: ஸ்னெல் மாதிரி ஆளையும், ஒரே வாரத்தில் இரண்டு முறை வீசுபவரையும், கிடைக்கும் எல்லோரையும் இறக்கி ஸ்டிரைக்-அவுட்டையும் வெற்றியையும் பிடியுங்கள்.

பருவம் முழுவதும் கூட்டிக் கணக்கிடும் ரோட்டோ லீக்கில் இந்தப் பயம் தேவையற்றது. 1,200 இன்னிங்ஸில் 3.60 வைத்திருப்பவர் அதே 2 இன்னிங்ஸ், 7 ரன் விபத்தைச் சந்தித்தால் 3.65 ஆகும். அங்கே ஒவ்வொரு தேர்வும் சராசரியில் சரியாக இருந்தால் போதும். இரண்டு வகை லீக்கிலும் ஆடுபவர்கள் ஒன்றின் அச்சத்தை மற்றொன்றுக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள்; நல்ல பிட்சர்கள் பெஞ்சில் வீணாவது பெரும்பாலும் இப்படித்தான்.

சில்லறை அறிகுறிகள்

இந்த அணிக்கு எதிராக இவர் எப்போதும் நன்றாக வீசுவார் என்று நம்பி ஏமாறுகிறவர்கள் உண்டு. ஒரு பேட்டர் ஒரு பிட்சரிடம் 12 முறை ஆடி 6 ஹிட் எடுத்ததிலிருந்து எதுவும் தெரியாது. அந்த 12 முறையும் மூன்று ஆண்டுகளில் சிதறிக் கிடக்கும். அதற்குள் பிட்சர் இரண்டு பந்துகளை மாற்றியிருப்பார். இந்தப் பக்கத்தைத் திறக்காமலேயே இருக்கலாம்.

போன ஆட்டத்தில் அடி வாங்கினார் என்று பயப்படுகிறீர்கள் என்றால் ரன்களைப் பார்க்காதீர்கள், வேகத்தைப் பாருங்கள். பேஸ்பால் சாவன்ட் தளத்தில் ஒவ்வொரு ஆட்டத்தின் சராசரி வேகமும் இருக்கிறது. வேகப்பந்து தன் வழக்கத்தைவிட மணிக்கு ஒன்றரை மைல் குறைந்திருந்தால் ரன் கொடுக்காவிட்டாலும் நான் இறக்க மாட்டேன். வேகம் அப்படியே இருந்து 6 ரன் போயிருந்தால் கவலைப்பட மாட்டேன். ஏப்ரல் குளிரில் எல்லோருக்கும் வேகம் சற்றுக் குறையும். ஜூலை எண்ணோடு அதை ஒப்பிடக் கூடாது.

அறிகுறி: இறக்கிய பிட்சர் வரவே இல்லை, அல்லது இரண்டு இன்னிங்ஸோடு காணாமல் போனார்

முதல்வகை, உத்தேசப் பட்டியலை உறுதி என்று எடுத்துக்கொண்டதால் வருவது. மூன்று நாள் முன்னதாகப் போடும் பெயர் எப்போது வேண்டுமானாலும் மாறும். இரண்டாவது வகை மழை. ஆட்டம் தொடங்கியபின் ஒரு மணி நேரத்துக்கு மேல் மழையில் நின்றால், உடல் ஆறிப்போன தொடக்கப் பிட்சரை மறுபடி இறக்க மாட்டார்கள்; உங்களுக்கு அந்த இரண்டு இன்னிங்ஸ்தான் மிஞ்சும். தொடங்கும் முன்பே ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டால் நட்டம் குறைவு. டொரன்டோ, ஹூஸ்டன், மில்வாக்கி, சியாட்டில், மயாமி, அரிசோனா, டெக்சஸ் ஆகியவற்றில் மூடித் திறக்கும் கூரை இருப்பதால் மழைக் கவலை இல்லை. இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் நாளில் கிழக்குக் கரையில் இடிமழை முன்னறிவிப்பு இருந்தால், கூரைக்குக் கீழே வீசுபவரை எடுங்கள்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ ஆடுபவர்களுக்கு நேரமும் எதிரி. நியூயார்க்கில் இரவு 7.05-க்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு மறுநாள் அதிகாலை 4.35. பேட்டிங் வரிசை வெளியாகும்போது நாம் நல்ல தூக்கத்தில் இருப்போம். பகல் 1.05 ஆட்டங்கள் இரவு 10.35-க்கு வருவதால் அவற்றைச் சரிபார்த்துவிட்டே படுக்கலாம். மேற்குக் கரை ஆட்டங்கள் காலை 7.40 வாக்கில் தொடங்கும். எழுந்து காப்பி குடித்துக்கொண்டே வரிசையைப் பார்க்க நேரம் இருக்கும். அந்தந்த ஆட்டம் தொடங்கும்போதுதான் தேர்வை மாற்ற முடியாதபடி தனித்தனியாகப் பூட்டும் லீக்காக இருந்தால், சந்தேகத்துக்குரிய பிட்சர்களில் மேற்குக் கரைக்காரரையே வைத்துக்கொள்ளுங்கள். நாளின் முதல் ஆட்டத்தோடு எல்லாவற்றையும் பூட்டிவிடும் லீக் என்றால் அந்த வசதி இல்லை. அங்கே மழையோ காயமோ சந்தேகம் இருக்கும் பிட்சரை முந்தின இரவே பெஞ்சுக்கு அனுப்பிவிட வேண்டியதுதான்.